அச்சொட்டாக ஒரு வீடு

படம் எடுத்தது போதும். இப்படி வந்து இரும். இந்த மர வாங்கில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

போனில் தமிழ் கதைத்தீர், அதனால்தான் கூப்பிட்டேன். இல்லாவிட்டால் நான் ஒருவரையும் கூப்பிடுகிறவன் இல்லை. கோயம்புத்தூரா? சரி. இயந்திரக் கண்காட்சிக்கு ஜெர்மனிக்கு வந்து, ஒரு நாள் மிஞ்சிப்போய், ஊர் பார்க்க வந்திருக்கிறீர். எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்.

"ஐந்நூறு வருசத்து வீடு" என்று போனில் ஆருக்கோ சொன்னீர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெரிய மர வீடு, தட்டுக்குத் தட்டு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறதே, அதுக்கு வயது முப்பத்தைந்து. உம்மைவிட இளசு. பக்கத்தில் பச்சைக் கதவு வைத்த பேக்கரி, அதுவும் முப்பத்தைந்து. எனக்கு எழுபத்தேழு. இந்தச் சதுக்கத்தில் எல்லாவற்றையும்விடக் கிழடு நான்தான்.

எப்படித் தெரியுமா? நான் தூக்கின மரம் தம்பி அது.

ஒன்றே காலுக்கு மணி அடிக்கும். இன்றைக்குத்தான் அந்த நாள். ஊரில் உள்ள எல்லாத் தேவாலய மணியும் ஒன்றாகக் கால் மணித்தியாலம் அடிக்கும். அந்த நேரம் இங்கே ஒருவரும் கதைக்க மாட்டார்கள், எழும்பி நிற்பார்கள். அதுக்கு முன்னம் சொல்லி முடிக்க வேணும். குறுக்கே கேள்வி கேட்காதேயும்.

எண்பது வருசத்துக்கு முன்னம், இதே நாள், இதே நேரம், விமானம் வந்தது. இரண்டாம் உலகச் சண்டை முடிய ஆறு கிழமைதான் இருந்தது. கால் மணித்தியாலம் போட்டார்கள். ஊர் முழுக்க மர வீடு. எரிந்தது, எரிந்தது, இரண்டு நாள் எரிந்ததாம். பிறகு இவர்கள் இந்தச் சதுக்கத்தில் கொங்கிறீட் பெட்டி பெட்டியாகக் கட்டினார்கள். அந்தப் பெரிய வீடு நின்ற இடத்தில் ஒரு ஹோட்டல். நான் வந்தபோது அதுதான் நின்றது. சாம்பல் நிறம், சப்பட்டைக் கூரை. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மழை ஒழுகாது, வேறென்ன வேணும்?

இவர்களுக்கு நாற்பது வருசம் கழித்து வெட்கம் வந்துவிட்டது. பழையது வேணும், அச்சொட்டாக, இம்மியும் பிசகாமல் வேணும் என்று நின்றார்கள். ஹோட்டலை இடித்தார்கள். குண்டில் போனதைத் திருப்பிக் கட்டுவதற்காக, குண்டுக்குப் பிறகு கட்டினதை இடித்தார்கள். சிரிக்கலாம், குற்றமில்லை. நானும் சிரித்தேன்.

நான் எண்பத்தைந்தில் வந்தவன். கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கே நடந்து, அங்கிருந்து இந்த ஊர் அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். ஊரில் நான் அரசாங்கப் படவரைஞர். பாலம், மதகு, வாடி வீடு எல்லாம் என் கையால் வரைந்தவை. இங்கே வந்து விளக்குமாறு பிடித்தேன். அகதி விண்ணப்பக்காரனுக்கு வேறு வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபை சொல்கிற இடத்தைக் கூட்டலாம். அப்படித்தான் இந்தச் சதுக்கத்துக்கு மரத்தூள் கூட்ட வந்தேன். அந்தத் தச்சர்மார் கறுப்பு வெல்வெட்டுக் கால்சட்டையும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் நாள் சர்க்கஸ் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

தலைமைத் தச்சர் பிறிங்மன். வாயில் எப்போதும் பென்சில். ஒருநாள் அவருடைய வரைபடத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இந்த மூட்டு அரைச் சென்றிமீற்றர் பிழை" என்று சொன்னேன். எனக்கு அப்போது ஜெர்மன் இருபது சொல் தெரியும். அதில் "பிழை" ஒன்று. மனிசன் அளந்து பார்த்தார். பிழைதான். அன்றைக்கே விளக்குமாற்றைப் பறித்து எறிந்துவிட்டு, அளவு நாடாவைக் கையில் தந்தார். பிறகு அனுமதி எடுத்து, அவர் ஓய்வு பெறும்வரை அவரோடுதான் வேலை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கும் வரைபடம் இல்லை. எல்லாம் எரிந்துவிட்டது. அப்ப எப்படி அச்சொட்டாகக் கட்டினார்கள்? பத்திரிகையில் கேட்டார்கள். உங்கள் வீட்டில் பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள். கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம், நாய்க்குட்டியோடு நின்ற படம், எதுவானாலும் சரி, பின்னால் சதுக்கம் தெரிந்தால் போதும். சனம் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தது. நானும் பிறிங்மனும் அடுக்கினோம்.

படத்திலிருந்து அளவு எடுப்பது ஒரு கலை தம்பி. படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேணும். ஒன்று போதும். அதைப் பிடித்தால் மற்றதெல்லாம் வரும். அந்தப் பேக்கரியின் பச்சைக் கதவு எப்படி வந்தது? ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளை கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் பட்டாளத்தில் இருந்தவர், உயரம் பட்டாளப் பதிவில் இருந்தது. ஒரு மீற்றர் எழுபத்துநான்கு. அதிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து முழு வீடு. மனிசனை ஒரு தடிபோல வைத்து அளந்தோம்.

அந்தப் படத்தைத் தந்தவர் அவருடைய மகள், லூடமான் என்ற பெண்மணி. அது அவர்களுடைய பேக்கரி. குண்டு விழுந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, கிழங்கு வாங்க வெளியூருக்குப் போயிருந்தார். தாயும் சின்னத் தம்பியும் அந்த வீட்டு நிலவறையில் இருந்தார்கள்.

திறப்பு விழா தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் நடந்தது. வாத்தியம், பேச்சு, நகரபிதா கழுத்தில் சங்கிலி. பச்சைக் கதவின் சாவியை லூடமான் கையில் கொடுத்து, முதலில் நீங்கள்தான் உள்ளே போக வேணும் என்றார்கள். போனார். கதவில் கை வைத்தார். பிறகு திரும்பிப் படி இறங்கி, சனத்துக்குள்ளால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். வாத்தியக்காரன் நடுவில் நிறுத்தினான். அவ்வளவு பேருக்கு முன்னால்! எனக்கு ஆத்திரம். அந்தக் கதவுக்கு நான் மூன்று கிழமை அளவு எடுத்தவன்.

பிறகொரு நாள் தெருவில் மறித்துக் கேட்டேன். என்ன பிழை, சொல்லுங்கோ என்றேன். அவர் சொன்னார், "பிழை இல்லை. கொஞ்சம் பிழை விட்டிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன்."

விசர்க் கதை. சரியாகச் செய்தது குற்றமாம்.

இன்றைக்கும் அவர் சதுக்கத்தால் வருவதில்லை. தொண்ணூற்றிரண்டு வயதில், ஊன்றி நடக்கிற கை வண்டிலைத் தள்ளிக்கொண்டு பின் தெருவால் சுற்றிப் போவார். சில சனம் அப்படித்தான். எவ்வளவு செய்தாலும் போதாது.

ஆனால் மற்றவர்களைப் பாரும். கட்டினார்கள், குடி வந்தார்கள், பேக்கரியில் பாண் வாங்குகிறார்கள். அதுதான் மனிசத்தன்மை. எங்கள் சனத்துக்கு அது வராது.

என்ன, எல்லாவற்றையும் கட்டினார்களா? இல்லை. கேட்டது நல்லது. இரண்டு தெரு தள்ளி யூதர்களுடைய கோயில் இருந்தது. அது குண்டில் போனதில்லை. அதுக்கு ஆறேழு வருசம் முன்னமே இந்த ஊர்ச் சனமே கொளுத்தினது. அதுக்குப் பத்திரிகையில் ஒருவரும் படம் கேட்கவில்லை. அத்திவாரம் இருந்த அளவுக்கு ஒரு வரிசைக் கல் வைத்திருக்கிறார்கள். நாய்கள் தாண்டிப் போகும். அது என் வேலை இல்லை. எனக்குச் சொன்னதை நான் அளந்தவன்.

இனி என் கதை.

ஊரில் எங்கள் வீடு மயிலிட்டிப் பக்கம், கடல் ஓரம். அப்பா கட்டினது. ஐந்து அறை, முன் விறாந்தை, நாலு தூண், சீமை ஓடு. நான் வெளிக்கிட்ட பிறகு அதில் இருந்தது என் தங்கச்சி யோகமலர். புருசன் நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனார். ஒரே பெடியன், கோகுலன். தொண்ணூறில் எட்டு வயது. காய்ச்சல் என்று மூலை அறையில், சன்னலுக்குக் கீழே படுத்திருந்தான். அங்கேதான் கடல் காற்று வரும். ஷெல் ஒன்று கூரையைப் பிரித்துக்கொண்டு விழுந்தது. அவள் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றாளாம்.

அடுத்த கிழமை ஊரே எழும்பி ஓடினது. அவளும் உடுத்த துணியோடு ஓடினாள். பிறகு அந்தப் பகுதி முழுக்கப் பட்டாளத்தின் பாதுகாப்பு வலயம். இருபத்தேழு வருசம் ஒருவரும் உள்ளே போகவில்லை. அவள் மல்லாகத்தில் அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தாள்.

அவள் எழுதின கடிதம் இரண்டு மாதம் சுற்றி, அந்தத் திறப்பு விழாவுக்கு முதல் நாள் எனக்கு வந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் விழாவுக்குப் போனேன். பிறகென்ன செய்வது? கதவு நேராக நிற்கிறதா என்று ஆர் பார்ப்பது?

கடிதத்தில் கடைசி வரி ஒன்று எழுதியிருந்தாள். "அண்ணை, உங்களிட்ட இருக்கிற பொங்கல் படத்தை அனுப்புங்கோ. என்னட்ட அவன்ர படம் ஒண்டும் இல்லை."

படம் என்றது நான் வெளிக்கிட்ட வருசத் தைப்பொங்கலுக்கு எடுத்தது. காங்கேசன்துறை ஸ்டூடியோக்காரனைக் கூட்டி வந்து, வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்தோம். நெகட்டிவ் இல்லை. ஒரே படம். சண்டைக்குள்ளே தபாலில் போட்டால் போய்ச் சேருமா? அனுப்பவில்லை. பிறகும் கேட்டாள். பிறகும் நிலைமை சரியில்லை. பிறகு... விடும்.

பதினேழாம் ஆண்டு பட்டாளம் காணியைத் திருப்பி விட்டது. ஊர்க்காரன் ஒருத்தன் போய்ப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தான். வீடு இல்லை. ஓடு இல்லை, சுவர் இல்லை. புல்டோசர் போட்டு மட்டமாக்கிவிட்டார்கள். கிணறு மட்டும் இருக்கிறது, அதுவும் தூர்ந்துபோய். சனம் எல்லாம் தலையில் கை வைத்தது. நான் வைக்கவில்லை. எனக்குத் தொழில் தெரியும். என்னிடம் படம் இருக்கிறது. படத்தில் தூணோடு சாத்தி அப்பாவின் சைக்கிள் இருக்கிறது. இருபத்தெட்டு அங்குலச் சில்லு. அளவு தெரிந்த ஒரு பொருள்!

எட்டு மாதம் வரைந்தேன். படத்தின் மேலே பென்சிலால் கட்டம் போட்டேன். சில்லிலிருந்து தூண். தூணிலிருந்து விறாந்தை. விறாந்தையிலிருந்து முழு வீடு. பிறிங்மனுக்குக் காட்டினேன். அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இதைவிட நான் செய்ய மாட்டேன்" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆள் எனக்குச் சொன்ன நல்ல சொல் அதுதான்.

தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பிறகு, "அண்ணை, அந்த மூலை அறை வேண்டாம். அதை விட்டிட்டுக் கட்டுங்கோ" என்றாள்.

"அதெப்படி விடுறது? அஞ்சு அறை வீடு. நாலாக் கட்டினால் அது வேற வீடு."

"வேற வீடாவே இருக்கட்டுமன்."

"விசர்க் கதை கதையாதை."

"ஒரு அறையும் குசினியும் காணும் அண்ணை. நான் ஒராள்தானே. நீங்கள் அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கோ."

"அளவு முடியட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மேசன் தவராசா என்று ஒருத்தன். நல்ல வேலைக்காரன், வாய்தான் கூட. "ஐயா, இப்ப ஆர் இப்பிடிக் கட்டினம்? மேல் மாடி போட்டு, முன்னுக்குக் கண்ணாடி அடிச்சு விடுவம். வெளிநாட்டுக்காரர் எல்லாம் அதுதான் கேக்கினம்" என்றான். வாயை மூடு என்றேன். போனில் நின்றே கட்டுவித்தேன். தூண் அரை அங்குலம் பருத்துவிட்டது. உடை என்றேன்.

"அரை இஞ்சிக்குக் கூரை பறந்திடுமே ஐயா?"

"உடை."

உடைத்தான். இரண்டு தரம் உடைத்தான். மூன்றாந்தரம், "ஐயா, உங்கட கொப்பரே வந்து பாத்தாலும் அரை இஞ்சி கண்டுபிடியார்" என்றான். அப்பா கண்டுபிடிப்பார். எனக்குத் தெரியும்.

வீடு முடிந்து குடிபூரலுக்கு நானே போனேன். முப்பத்துநாலு வருசத்துக்குப் பிறகு. வாடகைக் காரில் இறங்கிப் பார்த்தேன். அச்சொட்டு. தம்பி, அச்சொட்டு! மூலை அறை சன்னலில் கடல் காற்று அதே மாதிரி அடித்தது. அதே மூன்று கம்பி, அதே உயரம்.

தங்கச்சி வந்தாள். நான் நினைத்த ஆள் இல்லை. முன்பல் இல்லாத ஒரு கிழவி. படி ஏறினாள். விறாந்தைத் தூணைத் தொட்டுப் பார்த்தாள். நான் பின்னால் நின்றேன், ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று. மூலை அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை.

"ஏனண்ணை அந்தச் சன்னலை அங்கயே வச்சனீங்கள்?"

"அது அங்கேதானே இருந்தது!"

அந்த நேரம் பார்த்து மேசன், நான் அவனுக்கு அனுப்பின படப் பிரதியைக் கொண்டுவந்து, "அக்கா, இதைப் பாத்துத்தான் கட்டினது, பாருங்கோ, ஒரு இஞ்சி பிசகில்லை" என்று நீட்டினான். பிரதி என்றால் முழுப் படம் இல்லை. வேலைக்கு வேண்டிய பகுதியை மட்டும் பெருப்பித்து வெட்டினது. தூண், சைக்கிள், கூரை விளிம்பு. பெடியன் அந்தப் பக்கம். வெட்டில் வரவில்லை.

வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "மிச்சம் எங்க அண்ணை?" என்றாள்.

ஜெர்மனியில் இருக்கு என்றேன்.

பால் காய்ச்சினாள். வந்த எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் தந்தாள். பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, பின்னேர பஸ்ஸில் மல்லாகத்துக்குப் போய்விட்டாள். அந்தத் தகரக் கொட்டிலுக்கு! ஐந்து அறை வீட்டை விட்டுவிட்டு!

ஆறு வருசம். பூட்டுப் போட்டபடி கிடக்கிறது. விறாந்தையில் ஊர் ஆடுகள் படுக்கிறதாம். மேசன் போன போக்கில் பார்த்துச் சொல்லுவான். அவள் போன் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. கல்யாணமும் கட்டாமல், ஒரு சதுர அடியும் எனக்கென்று வாங்காமல், முழுவதும் அதில் போட்டேன். ஒரு நன்றி? ஒரு சொல்? சொல்லும் பார்ப்போம், உம்முடைய ஊரில் இப்படி ஒரு தங்கச்சி இருப்பாளா?

என்ன பார்க்கிறீர்? அப்படிப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.

படமா? என்னிடம்தான். இதோ. எப்போதும் சட்டைப்பையில்தான். கவனம், ஓரம் உதிர்கிறது. இந்தா, நான் பிடிக்கிறேன், நீர் பாரும். இதுதான் தூண். இதுதான் சைக்கிள். கட்டம் தெரிகிறதா? இருபத்தெட்டு அங்குலம், இதிலிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே. வெள்ளை வேட்டியோடு நிற்பது நான். அப்போது தலையில் மயிர் இருந்தது.

கட்டம் போட்டால் அழித்திருக்கலாமே என்கிறீரா? அழித்தால் முகம் போய்விடும். எந்த முகமா? என்... என்னுடைய முகம்தான்.

என் விரலுக்குக் கீழேயா? அது ஒன்றுமில்லை. மங்கல். படம் எடுக்கிற நேரம் பெடியன் அசைந்துவிட்டான். அசையாதே என்று மூன்று தரம் சொன்னேன். இரண்டரை வயது, கேட்கிற வயதா? மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு தாயின் கையை உதறிவிட்டு என் காலைப் பிடிக்க ஓடி வந்தான். ஓடி வந்த வாக்கில் படத்தில் பதிந்திருக்கிறான். புகை மாதிரி. கை மட்டும் தெளிவு, நீட்டினபடி. அளவுக்கு உதவாது.

விரலை எடுக்கச் சொல்கிறீர். ஏன்? நான் இப்படித்தான் பிடிப்பேன். முப்பத்தைந்து வருசமாக இப்படித்தான் பிடிக்கிறேன்.

போனில் படம் எடுத்து அவளுக்கு இப்பவே அனுப்பலாமா? ஒரு நிமிசத்தில் போய்விடுமா? அது எனக்கும் தெரியும் தம்பி. என்னிடமும் போன் இருக்கிறது. நான் காட்டில் இருக்கிறவன் இல்லை. அனுப்பினால்? இந்தப் புகையைப் பார்த்து அவளுக்கு என்ன வரப்போகிறது? நான் வீட்டையே கொடுத்தேன். அதைவிடவா இது?

அந்தா, பின் தெரு மூலையைப் பாரும். கை வண்டிலோடு. லூடமான்தான். சதுக்கத்துக்குள் வராமல் எல்லையில் நிற்பார். மணி அடித்து முடியும்வரை நிற்பார். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். வரவும் மாட்டார், போகவும் மாட்டார்.

தொடங்கிவிட்டது. கேட்கிறதா? முதலில் பெரிய தேவாலயம், பிறகு மற்றதெல்லாம் சேரும். எழும்பும். எல்லாரும் எழும்புகிறார்கள், பாரும். இனிக் கதைக்கக் கூடாது.

பொறும். எனக்கு முழங்கால் சரியில்லை. எழும்ப இரண்டு கையும் வேணும். இந்தா, படத்தைப் பிடியும். ஓரத்தில் பிடியும்.

போனில் எடுக்கிறதென்றால் எடும். தங்கச்சியுடைய நம்பர் படத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பென்சில்தான், அழியவில்லை.

நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.